தொடர் அறுந்தால் நடையும் நிற்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உடற்பயிற்சி செயலிகளைப் பலர் சில வாரங்களிலேயே கைவிடுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியை வாசித்தேன். சோம்பலை மட்டும் குறை சொல்வது சரியல்ல; தினமும் இத்தனை காலடி நடக்க வேண்டும் என்று செயலியில் இலக்கு அமைக்கும் முறையிலேயே கோளாறு இருக்கிறது. செயலிகள் பொதுவாக நள்ளிரவில் அன்றைய கணக்கை முடித்துவிடுகின்றன. பல்லடம், சோமனூர் பக்கம் இரவு ஷிப்ட் பார்ப்பவரின் ஒரே பணிநேர நடை, இரு நாள் கணக்காகப் பிளந்துவிடுகிறது. இரண்டிலும் இலக்கு எட்டாது. இலக்கை விடாமல் எட்டிய நாள்களைச் செயலி 'தொடர்' என்று எண்ணுகிறது; நாற்பது நாள் சேர்த்த அந்தத் தொடர் சுழியமாகிறது. உடம்பு எதையும் இழக்கவில்லை, மனம்தான் 'இனி எதற்கு' என்று விட்டுவிடுகிறது. ஃபோனைத் தறிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நடப்பவருக்கு ஓர் அடிகூடப் பதிவாகாது என்பதையும் நேரில் கண்டிருக்கிறேன்.

பலரும் வேதவாக்காகக் கொள்ளும் 10,000 அடி, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானியின் பெயரால் பரவிய எண். மருத்துவ ஆய்வில் பிறந்ததல்ல. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. எனவே முதல் வாரம் இலக்கே வைக்காமல் நடந்து, தன் சராசரியை அறிந்து, அதோடு 500 அடி மட்டும் கூட்டலாம். நினைவூட்டல்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றை அணைத்துவிடலாம். கோவை ரேஸ்கோர்ஸ் போன்ற நடைபாதைகளில் வாரத்துக்கு 150 நிமிடம் என்ற கணக்கை விளக்கும் பலகைகளை மாநகராட்சி வைக்க வேண்டும். ஆலை நிர்வாகங்களும் ஷிப்ட் அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டலாம்.

– ஒரு வாசகர், பல்லடம்