கண்டன்சர் ஃபேனும் மீட்டர் பல்ஸும்: கிடங்குகள் கவனிக்காத இரண்டு அமைப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்பதனக் கிடங்குகளின் கரண்டு பில் பற்றிப் பேச்சு எழுந்தால் அது கட்டண உயர்வு, மானியம் என்ற இரண்டோடு நின்றுவிடுகிறது. கம்ப்ரசர் அறையில் இருக்கும் கண்ட்ரோலரில் கண்டன்சர் (கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான கேஸைக் குளிர்வித்துத் திரவமாக்கும் பகுதி) ஃபேன் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது, மின்மீட்டரின் பல்ஸ் (ஓடிய யூனிட்டுக்கு ஏற்ப மீட்டர் அனுப்பும் மின் துடிப்பு) எப்படி எண்ணப்படுகிறது என்று கேட்பவர் குறைவு. முதலாவது தவறினால் யூனிட் வீணாகும். இரண்டாவது தவறினால் வீணாவதே தெரியாது.

‘ஃபேன் நின்றால் கரண்டு மிச்சம்’ என்ற நம்பிக்கையில் பல இடங்களில் கண்டன்சிங் செட் பாயிண்டை, அதாவது கேஸ் திரவமாகும் வெப்பநிலைக்கு ஃபேன் பிடிக்க வேண்டிய இலக்கை, 45 டிகிரியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். கண்டன்சிங் வெப்பநிலை 1 டிகிரி கூடினால் கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் கூடும். மார்கழி இரவில் வெளியே 23 டிகிரி இருக்கும்போது 45-ஐப் பிடித்துக்கொண்டிருந்தால், ஃபேனில் மிச்சமானதைக் கம்ப்ரசர் பல மடங்காகத் தின்றுவிடும். வெளி வெப்பநிலையோடு செட் பாயிண்ட் தானே ஏறி இறங்கும் வசதி இன்றைய ரேக் கண்ட்ரோலர்கள் (கம்ப்ரசர்களையும் ஃபேன்களையும் சேர்த்து இயக்குபவை) பெரும்பாலானவற்றில் உண்டு. வெளி வெப்பநிலையுடன் 10 டிகிரி கூட்டி, கீழ் வரம்பு 30, மேல் வரம்பு 50 என்று தொடங்கலாம். சாதாரண எக்ஸ்பான்ஷன் வால்வு (குளிரறைக் காயிலுக்குத் திரவத்தை அளந்து விடும் வால்வு) உள்ள இடத்தில் 30-க்குக் கீழே போவது ஆபத்து. வால்வின் இருபுறமும் போதிய அழுத்த வித்தியாசம் இல்லாமல் காயிலுக்குத் திரவம் பற்றாது, கடைசியில் லோ பிரஷரில் ட்ரிப் ஆகும். எலக்ட்ரானிக் வால்வு என்றால் உற்பத்தியாளர் அனுமதிக்கும் அளவுக்கு இன்னும் இறக்கலாம். வெளி சென்சாரை நிழலில், கண்டன்சரின் சூடான காற்று படாத இடத்தில் மாட்ட வேண்டும். அந்தக் காற்று பட்டால் செட் பாயிண்ட் தன்னைத்தானே மேலே தள்ளிக்கொண்டே போகும்.

எந்த எண்ணை வைத்தாலும், கண்ட்ரோலர் அழுத்தத்தைச் சரியாகப் படித்தால்தான் பயன்; அதிலிருந்துதான் அது கண்டன்சிங் வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. அழுத்தத்தை அளந்து 4–20 மில்லி ஆம்பியர் சிக்னலாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் வீச்சு 0–30 பார், கண்ட்ரோலரில் எழுதியது –1 முதல் 34 பார் என்று வைத்துக்கொள்வோம். 12 மில்லி ஆம்பியரில் உண்மை அழுத்தம் 15 பார், திரையில் 16.5. ஆர்-404ஏ என்ற குளிர்பதன கேஸில் இது 3 டிகிரிக்கு மேற்பட்ட பிழை. இதே தவறு தலைகீழாக நடந்து திரை குறைவாகக் காட்டினால் ஃபேன் தாமதமாக வரும், சித்திரை மதியத்தில் ஹை பிரஷர் ட்ரிப் ஆகும். ஆர்-22-லிருந்து வேறு கேஸுக்கு மாற்றிவிட்டு மெனுவில் பழைய பெயரையே விட்டுவிடுவது இன்னொரு வழக்கம். 17 பார் அழுத்தம் ஆர்-404ஏ-க்குச் சுமார் 40 டிகிரி. ஆர்-22 என்றே இருந்தால் கண்ட்ரோலர் அதை 47 டிகிரியாகப் பார்க்கும். பிரஷர் கேஜ் மாட்டி, பிளாண்ட் நிற்கும்போது ஒருமுறையும் முழு லோடில் ஒருமுறையும் ஒப்பிட்டால் இரண்டு தவறும் பிடிபடும்.

நான்கு ஃபேன் உள்ள கண்டன்சரில் இரண்டை நிறுத்துவதைவிட நான்கையும் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்துப் பாதி வேகத்தில் ஓட்டுவது நல்லது. காற்று ஏறக்குறைய அதே அளவு. ஆனால் மின்சாரம் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் குறைவதால், இரண்டு ஃபேன் முழு வேகத்தில் இழுப்பதில் கால்பங்குதான் செலவாகும். நின்றுபோன ஃபேன் வழியாகக் காற்று பின்வாங்குவதும் தவிரும். டிரைவின் குறைந்தபட்ச வேகத்தை 15–20 ஹெர்ட்ஸுக்குக் கீழே விடாதீர்கள். டிரைவ் இல்லாமல் படிப்படியாக ஃபேனைப் போடுவதானால் ஒவ்வொரு படிக்கும் இடையே குறைந்தது 2 டிகிரி, போட 30 விநாடி, நிறுத்த 60 விநாடி தாமதம் தேவை. இல்லையென்றால் நிமிடத்துக்கொருமுறை கான்டாக்டர் (ஃபேனைப் போட்டு நிறுத்தும் மின் சுவிட்ச்) அடித்துக்கொண்டே இருக்கும். டிரான்ஸ்மிட்டர் வயரைக் கழற்றினால் எல்லா ஃபேனும் முழு வேகத்தில் ஓட வேண்டும். ஒப்படைக்கும் நாளில் இதைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஹை பிரஷர் சுவிட்ச் கண்ட்ரோலரை நம்பாமல் தனி வயரிங்கில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

செட் பாயிண்டை மாற்றியதால் லாபமா நஷ்டமா என்பதை ஃபேனின் ஆம்பியர் சொல்லாது. கம்ப்ரசரும் ஃபேனும் சேர்ந்த மொத்த யூனிட்தான் சொல்லும். அதற்குத்தான் பல்ஸ் மீட்டர். மின்வாரிய மீட்டரின் சீலைத் தொடவே கூடாது. ஜெனரேட்டர் சேஞ்ச்ஓவருக்குப் பிறகு சொந்தமாக ஒரு சப்-மீட்டர் வைத்தால் இரண்டு மின்சாரமும் அதில் பதிவாகும்.

மீட்டரின் முகப்பில் சிமிட்டும் விளக்குக்கு யூனிட்டுக்கு 3200 பல்ஸ் என்று அச்சிட்டிருக்கலாம். டெர்மினலில் வரும் பல்ஸ் அதுவேயாக இருக்க வேண்டியதில்லை. கையேட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். மீட்டருக்குப் போகும் கரண்டைக் குறைத்துத் தரும் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) 200/5 என்றால் பெருக்கல் எண் 40. மீட்டரே அதைப் பெருக்கி பல்ஸ் தருகிறதா என்று பார்க்காமல் கண்ட்ரோலரிலும் பெருக்கினால் கணக்கு 40 மடங்காகும். இந்தப் பெரிய தவறு உடனே கண்ணில் படும். சின்ன இழப்புதான் ஏமாற்றும். யூனிட்டுக்கு 1000 பல்ஸ் என்றால் 60 கிலோவாட் லோடில் விநாடிக்கு 16-க்கும் மேல் பல்ஸ் வரும். கதவு சுவிட்சுக்கான சாதாரண இன்புட் அவ்வளவு வேகத்தைப் பிடிக்காது. இரவில் கணக்கு சரியாக இருக்கும், மதிய லோடில் மட்டும் பல்ஸ் தவறும். அதைப் பார்த்து ‘ஃபேன் செட்டிங் மாற்றியதால் மிச்சம்’ என்று மகிழ்ந்துவிடுவோம். பல்ஸை யூனிட்டுக்கு 100 அல்லது 10 ஆகக் குறைத்து, பல்ஸின் நீளம் கண்ட்ரோலர் கேட்கும் அளவுக்கு மேல் இருக்கும்படி அமைப்பதே தீர்வு.

எஸ்-ஜீரோ (S0) என்ற வழக்கமான வகை பல்ஸ் வெளியீடு 27 வோல்ட், 27 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது. பிளஸ் மைனஸ் மாறினாலும் எண்ணாது. ஷீல்டு கேபிளை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, டிரைவ் கேபிளை விட்டுத் தள்ளி இழுக்க வேண்டும். கம்ப்ரசர் நின்றிருக்கும்போது ஃபேன் டிரைவ் ஓடத் தொடங்கியதும் எண்ணிக்கை தாறுமாறாக ஏறினால் அது மின்சாரமல்ல, இரைச்சல். பல்ஸ் எண்ணிக்கை 65535-ல் திரும்பப் பூஜ்யத்துக்கு வரும் கண்ட்ரோலரில், 30 கிலோவாட் லோடும் யூனிட்டுக்கு 100 பல்ஸும் என்றால் 22 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். தினமும் ஒருமுறை மட்டும் ரீடிங் எடுக்கும் மென்பொருள் அங்கே பொய் சொல்லும்.

சரிபார்க்க ஸ்டாப்வாட்ச் போதும். 3600-ஐ, யூனிட்டுக்கான பல்ஸையும் இரண்டு பல்ஸுக்கு இடைப்பட்ட விநாடியையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் கிலோவாட். 100 பல்ஸ், 1.2 விநாடி என்றால் 30 கிலோவாட். கிளாம்ப் மீட்டரில் அளந்ததோடு இது ஒத்துப்போக வேண்டும். முழு லோடில் ஒரு மணி நேரம் மீட்டர் ரீடிங்கும் கண்ட்ரோலர் ரீடிங்கும் சேர்ந்து நகர்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தேசிய தோட்டக்கலை வாரியத்தின் மானியத்தில் கட்டப்படும் கிடங்குகளைக் கூட்டாய்வு செய்யும்போது, டிரான்ஸ்மிட்டர் வீச்சு, கேஸ் பெயர், ஃபேன் வரம்புகள், பல்ஸ் மதிப்பு, சி.டி. விகிதம் அடங்கிய ஒரு பக்கத் தாளையும் கேட்டு வாங்க வேண்டும். கண்ட்ரோலரின் பாஸ்வேர்டையும் ஒப்பந்ததாரர் அதே தாளில் எழுதிக் கிடங்கு உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
குளிர்பதனப் பொறியாளர் ஒருவர்,
திண்டுக்கல்.