கார் பாலிஷ் மெஷின் ஏன் கையை உதறுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜி.பி. ரோடு, புதுப்பேட்டையில் தொடங்கி ஓ.எம்.ஆர். வரை கார் பாலிஷ், கோட்டிங் கடைகள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. அங்கே வேலை பார்க்கும் பையன்களைக் கேட்டால், சாயங்காலம் கை மரத்துப்போகிறது, விரலில் விறுவிறுப்பு அடங்குவதில்லை என்பார்கள். "மெஷின்னா அப்படித்தான் இருக்கும்" என்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கிற பதில். அது தவறான பதில். ஒழுங்காக இருக்கும் பாலிஷர் முனகும், கையை உதறாது. உதறினால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் கடையிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடிய காரணம்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்களாக அதை விளக்கி எழுதுகிறோம்.

இப்போது பெரும்பாலான கடைகளில் இருப்பது டூயல் ஆக்‌ஷன் பாலிஷர், சுருக்கமாக டிஏ. பெயின்டைத் தேய்க்கும் ஃபோம் வட்டமான பேட், இதில் தானும் சுழலும், ஒரு சிறு வட்டத்திலும் ஓடும். பேடை ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட் மோட்டாரின் நடுக்கோட்டில் உட்கார்ந்திருக்காது, சற்று விலகி இருக்கும். அது அடிக்கும் வட்டத்தின் விட்டத்தைத் த்ரோ என்பார்கள். 15 மி.மீ. த்ரோ என்றால் விலகல் 7.5 மி.மீ. பிளேட்டும் பேடும் அந்த விலகலோடு வட்டமடிக்கும்போது மெஷினை ஒரு பக்கமாக இழுக்கும். அந்த இழுப்பைச் சமன்செய்ய, உள்ளே எதிர்ப்பக்கம் ஓர் எடை வைத்திருப்பார்கள். மெஷினோடு வந்த பிளேட், அதற்குப் பொருத்தமான பேட் இரண்டின் எடையையும் கணக்குப் போட்டு வைத்த எடை அது. பேடின் எடை மாறினால் கணக்கு குலைந்துவிடும்.

எவ்வளவு குலையும் என்று போட்டுப் பார்த்தால் புரியும். பேடில் 50 கிராம் கூடுதலாக ஏறிவிட்டது, மெஷின் நிமிடத்துக்கு 4800 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 7.5 மி.மீ. விலகலில் அந்த 50 கிராம் சுமார் 95 நியூட்டன் விசையைக் கிளப்பும். ஏறக்குறைய ஒன்பதரை கிலோ பாரம், நொடிக்கு 80 முறை திசை மாறி மாறி இழுப்பதற்குச் சமம். 50 கிராம் என்பது பேடுக்குள் தங்கிவிட்ட 50 மில்லி தண்ணீர், அவ்வளவுதான். கழுவி, கையால் பிழிந்து, அப்படியே மாட்டுகிற 6 அங்குல ஃபோம் பேடில் அதற்கு மேலும் இருக்கும். நாள் முழுக்க ஒரே பேடை ஓட்டினால், ஊறிப்போன காம்பவுண்டும் (கீறலை வெட்டும் பாலிஷ் பசை) பெயின்ட் தூளும் சேர்ந்து இதே வேலையைச் செய்யும். இந்த விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. 4800-ஐ 3600-ஆகக் குறைத்தால் பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிடும். அதனால்தான் டயலை 6-லிருந்து 4-க்கு இறக்கியதும் கைக்கு அவ்வளவு வித்தியாசம் தெரிகிறது.

ஆகவே முதல் செலவு பேடுக்குத்தான். ஒரு காருக்கு ஐந்தாறு பேட் வேண்டும். ஒவ்வொரு பேனல் முடிந்ததும் பிரஷ்ஷால் தேய்த்தோ கம்ப்ரஸர் காற்றால் ஊதியோ சுத்தம் செய்து, அடுத்த பேனலுக்கு வேறு பேட் மாட்ட வேண்டும். கழுவிய பேடை ஃபோம் கீழேயும் வெல்க்ரோ மேலேயும் இருக்கும்படி ஃபேன் காற்றில் வைத்தால், தண்ணீர் ஒட்டுப் பசையின் பக்கம் தங்காது. சென்னையின் ஈரக் காற்றில் உள்வரை காய மறுநாள் ஆகிவிடும். மொட்டைமாடி வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் பசை விட்டுப்போகும். பசை விட்ட பேட் வேலை நடுவில் ஒரு பக்கம் பெயர்ந்து ஆடும். அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது பேக்கிங் பிளேட். பழைய பிளேட் தேய்ந்ததும் கைக்குக் கிடைத்ததை வாங்கி மாட்டுவது இங்கே சாதாரணம். மரை பொருந்திவிட்டால் போதும் என்ற நினைப்பு. 5 அங்குல பிளேட்டுக்குக் கணக்கிட்ட மெஷினில் 6 அங்குலத்தை மாட்டினால் வேகம் எதுவானாலும் உதறும். மெஷினின் மாடல் எண்ணைச் சொல்லி, அதே விட்டம், அதே எடையுள்ள பிளேட்டைக் கேட்டு வாங்க வேண்டும். கழற்றும்போது, பிளேட்டைத் தாங்கும் தண்டான ஸ்பின்டிலுக்கும் பிளேட்டுக்கும் நடுவே மெல்லிய வாஷர் ஏதாவது இருந்தால், அதைத் திரும்ப அதே இடத்தில் போட மறக்காதீர்கள். அது இல்லாமல் இறுக்கிய பிளேட் உறையில் உரசலாம், சாய்ந்தும் உட்காரலாம்.

பேடை வெல்க்ரோவில் ஒட்டும்போது கண்மதிப்பாக வைக்காமல், பிளேட்டின் விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபோம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நடுவில் துளையுள்ள பேட் என்றால் துளை வழியே பிளேட்டின் மையத்தைப் பார்த்தே வைத்துவிடலாம். நடுக்கோட்டிலேயே நேராகச் சுழலும் ரோட்டரி மெஷினில் எதிர் எடை கிடையாது. அங்கே உதறலுக்கு முதல் காரணமே மையம் தப்பிய பேடுதான்.

இத்தனையும் சரியாக இருந்தும் உதறினால் மெஷினைப் பிடிக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு தடித்த கோடு போடுங்கள். வேலை செய்யும்போது கோடு மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தால் பேட் சுழல்கிறது. கோடு ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் சுழற்சி நின்றுவிட்டது, வெறும் அதிர்வு மட்டும் மிச்சம். பெயின்டும் வெட்டுப்படாது, கையும் போகும். காரணம் அளவுக்கு மீறிய அழுத்தம், அல்லது மெஷினைச் சாய்த்துப் பிடிப்பது. பேட் முழுதாகப் படிந்திருக்க, ஃபோம் இலேசாக அமுங்கினால் போதும். டோரின் வளைவு, பம்பர் மூலை போன்ற இடங்களில் பெரிய பேட் எப்படிப் பிடித்தாலும் ஒரு விளிம்பில்தான் நிற்கும். அங்கே 3 அங்குல பேடுள்ள சின்ன மெஷின்தான் சரி. தடித்த ஃபோமும் தொல்லைதான். பிளேட் ஒரு பக்கம் போக, பேடின் முகம் பின்தங்கி இழுபடும். நீண்ட த்ரோ மெஷினுக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் தடிமன் வேண்டாம்.

பாலிஷ் தடவாத வறண்ட பேட் பெயின்டைப் பிடித்து இழுத்துக் குதிக்கும். புதுப் பேடின் முகம் முழுக்க பாலிஷை மெல்லிசாகத் தடவி, அதன்மேல் பட்டாணி அளவில் நான்கு சொட்டு வைத்து, மெஷினை பேனல் மேல் அமர்த்திய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். முதலில் குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு 4-க்கு ஏற்றலாம். ஒரு தடவைக்கு இரண்டடிக்கு இரண்டடி போதும். வெயிலில் நின்ற காரை நேராக உள்ளே கொண்டுவந்து ஆரம்பித்தால் பாலிஷ் பரப்பும்போதே காய்ந்துவிடும். பானெட்டில் புறங்கையை வைத்துச் சூடு தெரியாத வரை ஆறவிடுங்கள். மே மாதத்தில் இதற்காக வாடிக்கையாளரைக் காக்க வைப்பதில் தவறே இல்லை.

மெஷினிலேயே கோளாறு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், சரியான அளவில் காய்ந்த புதுப் பேடை மாட்டி, அதில் பாலிஷ் தடவி, தட்டையான பேனலில் ஓட்டிப் பாருங்கள். உதறல் போனால் குற்றவாளி பழைய பேட். போகாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேட்டைக் கையால் சுற்றுங்கள். விளிம்பு மேலும் கீழும் ஏறி இறங்கினால் பிளேட் கோணியிருக்கிறது. பிளேட்டைப் பிடித்து ஆட்டும்போது லொடலொட என்று இடைவெளி தெரிந்தால் பேரிங் போய்விட்டது. அந்த மெஷினை அன்றே ஓரம்கட்ட வேண்டும்.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். மெஷின் வாங்கும்போது மேனுவலில் அதிர்வு அளவு எவ்வளவு என்று பாருங்கள். மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர் என்ற அலகில் போட்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி 2.5-ஐத் தொட்டாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. மெஷினின் அளவு 5 என்றால் இரண்டு மணி நேரத்தில் முதல் வரம்பு வந்துவிடும். 10 என்றால் அரை மணி நேரம்தான். மேனுவலில் இருப்பது சோதனைக்கூடத்து அளவு. சமன் குலைந்த மெஷினில் கைக்கு ஏறுவது அதைவிட அதிகம். ஒரே ஆளை நாள் முழுக்க பாலிஷரில் நிறுத்தாமல், மாஸ்கிங், கழுவல், உள்வேலை என்று மாற்றி விடுங்கள். அதிர்வு தாங்கும் கிளவுஸ் வாங்கிக் கொடுத்தோம், கடமை முடிந்தது என்று இருக்க முடியாது. அந்தக் கிளவுஸ்கள் மிக வேகமான அதிர்வைத்தான் நன்றாகக் குறைக்கும். பாலிஷரின் நொடிக்கு 70, 80 என்ற அதிர்வில் அவற்றால் பெரிய பயன் கிடையாது.

ஐ.டி.ஐ.களில் வாகன பெயின்டிங் படிக்கும் மாணவர்களுக்கு இந்த மார்க்கர் கோட்டையும் ஈரப் பேடையும் ஒரு மணி நேரமாவது செய்து காட்டச் சொல்லி, உங்கள் நாளிதழ் எழுத வேண்டும்.

வேலையில் இருக்கும் தம்பிகளுக்கு: குளிர் நாடுகளில் அதிர்வால் கை நரம்பும் ரத்தக்குழாயும் கெடும் நோய் வந்தவர்களுக்கு விரல் வெளுத்துப்போவது கண்ணுக்கே தெரியும். நம் ஊர் வெப்பத்தில் வெளுப்பு தெரியாமலே நரம்பு கெடலாம். இரவில் விரல் மரத்துத் தூக்கம் கலைகிறது, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது என்றால் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போங்கள். என்ன மெஷின் பிடிக்கிறீர்கள், தினம் எத்தனை மணி நேரம், எத்தனை வருடமாக என்பதை நீங்களாகவே டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் சர்க்கரையையும் கழுத்து எலும்பையும்தான் முதலில் தேடுவார்.

இப்படிக்கு,
கார் பெயின்ட் பாலிஷ் தொழிலாளர்கள் சிலர்,
புதுப்பேட்டை, சென்னை