மாநாட்டுக்குத் தீம் வைக்கும் முன் கிளைகளைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் குடிநீர் சுத்திகரிப்புக் கருவிகளை விற்று சர்வீஸும் செய்து தரும் ஃபிரான்சைஸ் கிளை (ஒரு கம்பெனியின் பெயரில் நாங்களே முதல் போட்டு நடத்தும் கிளை) ஒன்றை நானும் என் தம்பியும் நடத்திவருகிறோம். ஊருக்கு ஊர் கிளை கொடுத்திருக்கும் கம்பெனிகள் பலவும் வருஷத்துக்கு ஒருமுறை கிளைக்காரர்களைக் கூட்டி மாநாடு போடுகின்றன. ஒவ்வொரு மாநாட்டுக்கும் ஒரு 'தீம்' உண்டு. அதை எதை வைத்து முடிவு செய்யவேண்டும் என்பது பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன மாநாட்டில் எங்களுக்கு 'ராஜ தர்பார்' தீம். வாசலில் எல்லோருக்கும் தலைப்பாகை கட்டிவிட்டார்கள். மேடையில் சிம்மாசனம், அதிகம் விற்றவருக்கு வாள். அலங்கார வேலை செய்த பிள்ளைகள் ராப்பகலாக உழைத்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிளைக்காரர்கள் கேள்வி கேட்பதற்கான நேரத்தைக் கடைசியில் வைத்திருந்தார்கள். முன்னால் பேசியவர்கள் இழுத்துவிட்டதால் அது கால் மணி நேரமாகச் சுருங்கியது. அதற்குள் பாதிப் பேர் ரயிலுக்குக் கிளம்பியாயிற்று.

பேர்ணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு ஆர்.ஓ. மெம்பிரேன், அதாவது கருவிக்குள் தண்ணீரின் உப்பை வடிகட்டும் சுருள், கொண்டுவந்திருந்தார். நீளவாக்கில் அறுத்து, உள்ளே சுருட்டி வைத்திருக்கும் தாளை விரித்துக் காட்டினார். வெந்நீர் அண்டாவின் அடியில் படியுமே, அப்படி வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. வாரண்டி முடிவதற்குள்ளேயே இப்படி அடைத்துக்கொண்டால் புது மெம்பிரேனுக்கு யார் பணம் தருவது என்பதுதான் அவருடைய கேள்வி. எங்கள் எல்லோருடைய கேள்வியும் அதுதான். மேடைக்கு அது போய்ச் சேரவே இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் மேஜையில் இருந்தவர்கள் பார்த்ததோடு சரி.

எங்கள் பக்கத்துத் தண்ணீரைத் தெரிந்துகொண்டால் இதன் அருமை புரியும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இங்கே போர் தண்ணீரில் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் ஆயிரத்தைத் தாண்டுவது சகஜம். பல வீடுகளில் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் அதையும் அதே சம்பில் விட்டுக்கொள்கிறார்கள். இன்றைக்கு ஒரு தண்ணீர், நாளைக்கு ஒரு தண்ணீர். ஒரே மெஷின் இரண்டையும் தாங்கவேண்டும். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இன்றும் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து வாடிக்கையாளர்கள், "தோல் ஷாப் தண்ணிய இது சுத்தம் பண்ணுமா?" என்று கேட்கிறார்கள். கையில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், தோல் பதனிடும்போது கழிவில் சேரும் குரோமியம் இருக்கிறதா என்று சொல்லாது. அந்த அக்காக்களுக்கு எங்கள் பையன்கள் என்ன பதில் சொல்லவேண்டும்? மாநாட்டில் கற்றுத்தர வேண்டியது இதைத்தான்.

ஆகவே 'எங்க ஊர்த் தண்ணீர்' என்று ஒரு தீம் வைக்கலாமே. ஒவ்வொரு கிளையும் ஒரு பாட்டில் தண்ணீரும் கழற்றிய பழைய மெம்பிரேன் ஒன்றும் கொண்டுவரட்டும். ஊர், போரின் ஆழம், மீட்டர் காட்டிய அளவு, மெம்பிரேன் எத்தனை மாதம் ஓடியது என்று எழுதி ஒட்டி வரிசையாக வைத்தால் மண்டபத்துக்கு வேறு அலங்காரமே வேண்டாம். கம்பெனி இன்ஜினியர்கள் மேஜை மேஜையாக வந்து பார்க்கட்டும். உப்பு குறைவான நீலகிரி ஓடைத் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவைதானா என்பதையும் அங்கேயே பேசிவிடலாம்.

தேதியும் முக்கியம். எங்களுக்கு மாநாடு வைப்பது மே மாதத்தில். சர்வீஸ் போன் ஓயாமல் அடிக்கும் மாதம் அது. போதாக்குறைக்கு வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்குக் குடியாத்தத்தை விட்டு யார் கிளம்புவார்கள்? ஆடியில் வைக்கலாம். புதுமனை புகுவிழா இருக்காது, புதுக் கருவி மாட்டும் வேலையும் குறைவு. ஆடிக் கிருத்திகையை மட்டும் விட்டுவிட்டால் போதும்.

இடம், சாப்பாடு பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. ஆனால் மாநாட்டுச் செலவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று எங்களிடம் பிடிப்பதை முன்கூட்டியே சொல்லவேண்டும். நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமும் நாங்கள் கையெழுத்துப் போட்ட பத்திரமும்தான். கம்பெனியின் பெயரைப் பயன்படுத்துவதற்கான ராயல்டியும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கட்டும் எங்களுக்கு, கம்பெனியின் பெரியவர்களை நேருக்கு நேர் பார்க்கக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த மாநாட்டுக்கு இப்போதே மண்டபம் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கிளைகளின் கேள்விகளை எழுதி வாங்குங்கள். அவற்றுக்குக் காலை முதல் அமர்வை ஒதுக்குங்கள். கிளைக்கு ஒரு டெக்னீஷியனையும் அழையுங்கள். வீடு வீடாகப் போய் மெஷினைத் திறந்து பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
கிளை உரிமையாளர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.