கயிறு இரண்டு மடங்கு

அன்பு மகளுக்கு,

இங்கே நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் முன்னைக்குத் தேவலை. ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் பேசினாய். மாப்பிள்ளையின் இடமாற்றம் முதல் புதுத் திரைச்சீலை வரை எல்லாம் வந்தது. சின்னவனுக்குப் புதுப் பள்ளிக்கூடம் என்ற பேச்சு மட்டும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால், வாத்தியார் வேலையை ஆரம்பித்துவிட்டேன் என்பாய்.

சின்னவன் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போன கப்பியை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. இரண்டு நூல்கட்டைகள், ஒரு சணல் கயிறு. "ஒரு கட்டை பளுவோடு சேர்ந்து நகர்ந்தால் பாதி பலம் போதும் தாத்தா. ஆனால் கயிறு இரண்டு மடங்கு இழுக்க வேண்டும்" என்றான். 8 வயது! அதன்மேல் ஒட்டிய சீட்டில் 'தோடதே' என்று எழுதியிருந்தான். தொடாதே. முதல் எழுத்து நீண்டுவிட்டது, துணைக்கால் ஒன்று வழியில் விழுந்துவிட்டது. பெரியவள் அதை உரக்க வாசித்துச் சிரித்ததும் சீட்டைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான்.

அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது அறிவு இருந்தும் வாசிப்பும் எழுத்தும் சிரமப்படும் குறை, என்று மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை. போகட்டும். எல்லோரும் சோம்பேறி என்றபோதும் விடாமல் பரிசோதனைக்கு அழைத்துப் போனாயே, அந்தப் பிடிவாதம் உன் அம்மாவுடையது. இவன் பாதிச் சொல்லைப் பார்த்து மீதியை ஊகித்துவிடுகிறான். அறிவு குறையை மறைக்கிறது, குறை அறிவை மறைக்கிறது. வாத்தியார் கண்ணுக்கு நடுத்தரப் பையன்.

பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்து மயங்காதே. இடைவேளை நேரத்தில் போய்ப் பார். வாசிப்புப் பயிற்சிக்கு எந்தப் பாடவேளையில் இவனை வெளியே அழைப்பார்கள் என்று கேள். அறிவியல் வேளை என்றால் வேண்டாம். இவன் தலைநிமிர்ந்து உட்காரும் ஒரே வகுப்பு அது. தேர்வில் கூடுதல் நேரம் உண்டா, விடையை வாயால் சொல்ல விடுவார்களா என்றும் கேள். குறையை மட்டும் பார்க்கிற பள்ளியும் இவனுக்கு ஆகாது. எளிய கணக்கையே கொடுத்து உட்கார வைப்பார்கள். இடைவேளையில் கட்டாயம் போய்ப் பார், தனியாக நிற்கிற பிள்ளையிடம் யாராவது பேசுகிறார்களா என்று.

1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். கணக்கு வருகிறது, வாசிப்பு வரவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். அந்த வாத்தியாருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு 1988இல் தெரியவில்லை.

உன் அண்ணன் மனத்திலேயே போட்ட கணக்குகளுக்கு 'வழி எங்கே' என்று சுழித்தேன். பிழையான சொல்லை 100 தடவை எழுத வைத்தேன்; நூறாவதும் பிழையாகவே இருந்தது. திமிர் என்று நினைத்தேன். அந்தப் பச்சை நோட்டு விஷயம் நடந்தபோது நீ கதவோரம் நின்றிருந்தாய். சின்னவன் விஷயத்தை என்னிடம் சொல்லாததற்கு அதுதான் காரணமா? இருந்தால் குற்றம் உன்னுடையது இல்லை.

வெள்ளிக்கிழமை உன் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். இதையெல்லாம் கடிதமாக எழுதி அவனை வாசிக்க வைக்க மனம் வரவில்லை.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பள்ளிக்கு நீ மட்டும் போகாதே, சின்னவனையும் அழைத்துப் போ. இடைவேளை நேரத்தில்.