ஹென்றி பாட்டிஞ்சர் குறித்து நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை நல்லபடியாக முடிந்து மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து நிம்மதி அடைந்தேன். இங்கு அனைவரும் நலம். பேத்தி ஹாங்காங்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அங்கே கற்கள் பதித்த பாட்டிஞ்சர் தெருவில் நடந்ததாகவும், அந்தப் பெயருக்குரியவர் பின்னர் சென்னைக்கும் ஆளுநராக இருந்தாராமே என்றும் தொலைபேசியில் கேட்டாள். அன்று முதல் அந்த மனிதரின் நினைவாகவே இருக்கிறேன்.

அயர்லாந்தில் பிறந்த ஹென்றி பாட்டிஞ்சர், 1810இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருபது வயது லெப்டினன்ட். நெப்போலியன் பாரசீகத்தின் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்துவிடுவான் என்று கம்பெனியார் அஞ்சிய காலம் அது. இடையிலுள்ள நிலத்தை அறிந்துவர, கேப்டன் கிறிஸ்டியும் அவரும் குதிரை வணிகரின் ஆட்களாக வேடமிட்டுப் பலுசிஸ்தானுக்குள் புகுந்தனர். அங்கே நுஷ்கி என்ற ஊரில் பிரிந்து, கிறிஸ்டி ஆப்கன் பக்கத்து ஹெராத் நகரை நோக்கியும், பாட்டிஞ்சர் செங்கல் நிற மணல் அலையலையாய் எழுந்து நிற்கும் பாலையைக் கடந்து பாரசீக நகரான கெர்மானை நோக்கியும் சென்றனர். ஜூன் இறுதியில் பாரசீகத்தின் இஸ்பகான் நகரில் சந்தித்தபோது, வெயிலும் வேடமும் மாற்றியிருந்த முகங்களை இருவராலும் முதலில் அடையாளம் காண இயலவில்லை. இரண்டே ஆண்டுகளில் கிறிஸ்டி, பாரசீகப் படையுடன் நின்று ரஷ்யரை எதிர்த்து அஸ்லாந்தூஸ் போரில் மாண்டார். அந்த இளைஞர்களின் துணிவை வியக்கிறேன். ஆனால், தங்களுக்குச் சோறிட்ட ஊர்களின் வழிகளையும் நீர்நிலைகளையும் அவர்கள் ஒரு படைக்காகவே குறித்துக்கொண்டார்கள் என்பதையும் மறக்க இயலவில்லை.

என்னை அதிகம் வருத்துவது சிந்து நாட்டின் கதை. 1832இல் பாட்டிஞ்சர் அந்நாட்டை ஆண்ட அமீர்களுடன் செய்த ஒப்பந்தத்தில், ஒருவர் உடைமை மீது மற்றவர் ஆசைக்கண் வைப்பதில்லை என்றும், சிந்து நதி வழியே படைக்கலங்கள் கொண்டுசெல்லப்படுவதில்லை என்றும் வாக்களிக்கப்பட்டிருந்தது. ஏழு ஆண்டுகளுக்குள் ஆங்கிலப் படை அந்த நாட்டின் வழியாகவே ஆப்கானிஸ்தானுக்குச் சென்றது. அமீர்கள்மீது புதிய நிபந்தனைகளைச் சுமத்தும் வேலையும் பாட்டிஞ்சர் கைக்கே வந்தது. 1843இல் ஆங்கிலத் தளபதி சார்லஸ் நேப்பியர் சிந்துவைக் கைப்பற்றினார். அதை அநீதி என்று பாட்டிஞ்சர் பின்னாளில் வெளிப்படையாகக் கண்டித்தார் என்பதை அவர் பக்கம் எழுதத்தான் வேண்டும்.

ஆயினும், சீனாவில் 1842 ஆகஸ்ட் 29 அன்று, அபின் போரை முடித்துவைத்த நான்கிங் ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர் சார்பில் ஒப்பமிட்டவரும் அவரே. ஹாங்காங் தீவும் ஐந்து துறைமுகங்களில் வணிகம் செய்யும் உரிமையும் போக, 2 கோடியே 10 லட்சம் டாலர் கேட்டுப் பெற்றார். அதில் 60 லட்சம், சீனர் அழித்த அபினுக்கு ஈடு. அந்தப் போரில் சென்னைப் படைப்பிரிவுகளும் இருந்தன என்பதைப் பேத்தியிடம் சொன்னபோது அவள் சற்று நேரம் பேசவில்லை.

1848 முதல் 1854 வரை இங்கு ஆளுநராக இருந்தார். 1851இல் சென்னை அருங்காட்சியகம் தொடங்கியதும், 1852இல் கம்பெனி ஆட்சியின் குறைகளை எடுத்துரைத்த சென்னைச் சுதேசிச் சங்கம் உருவானதும் அவர் காலத்தில்தான். 1856இல் மால்டாவில் இறந்தார்.

வாக்கு மீறப்பட்டதைக் கண்டித்த ஒருவர், அபின் வணிகர்களுக்காக ஒப்பந்தம் எழுதியதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? கண்ணுக்குச் சிரமமில்லாத நாளில் எழுதுங்கள்.

உங்கள்
பழைய அறைத்தோழன்