பூ வந்தது, காய் பிடிக்கவில்லை

அம்மாடி,

நீ அனுப்பிய படங்களை ராத்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டைப்பயறு தளதளவென்று நிற்கிறது. பூவுக்கும் குறைவில்லை. ஆனால் காய் பிடிக்காமல் பூக்காம்புகள் மொட்டையாக நிற்பதைப் பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. உரத்தில் குறையா, தண்ணீர் பாய்ச்சியதில் பிசகா என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ராத்திரியிலும் புழுக்கம் அடங்கவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

தட்டைப்பயறுக்குப் பகல் வெயிலைவிட இரவு வெக்கைதான் பெரிய பகை. பூ விரிவதற்கு ஏழு முதல் ஒன்பது நாள் முன்பே, மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும்போதே சேதம் நடந்துவிடுகிறது. மகரந்தப்பையின் உள்பக்கம் ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. வளரும் மகரந்தத்துக்குச் சோறூட்டுவது அதுதான். இரவுச் சூட்டில் அந்த அடுக்கு காலத்துக்கு முன்பே சிதைந்துபோகும். ஊட்டம் கிடைக்காத மகரந்தம் மலடாகிவிடும். பூ என்னவோ அழகாகத்தான் விரியும். ஆனால் பை வெடிக்காது, கரு சேராது, பூ உதிர்ந்துவிடும். அதனால் பூ விரிந்த அன்றைய வெயிலைப் பார்த்துக் குழம்பாதே. அதற்கு முந்தின வாரத்து இரவுகளை நினைத்துப் பார்.

பூவின் பெண் பகுதி அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. குளிர்ந்த இடத்தில் வளர்ந்த செடியின் மகரந்தத்தை எடுத்து, சூடுபட்ட செடியின் பூவில் கையால் தடவிப் பார்த்திருக்கிறார்கள், காய் பிடித்திருக்கிறது. கொண்டைக்கடலையிலும் பகல் 35 டிகிரியைத் தாண்டும்போது முதலில் அடிபடுவது மகரந்தம்தான்.

தப்பிப் பிடித்த காய்களில் மணி சூம்பியிருக்கிறது என்றாயே, அது வேறு கதை. காய் பிடித்த புதிதில் விதைக்குள் செல்கள் பெருகும். மணி எவ்வளவு பெரிதாக முடியும் என்பது பெரும்பாலும் அப்போதே முடிவாகிவிடும். பிறகுதான் மாவும் புரதமும் நிரம்பும். வெக்கையில் இலை சீக்கிரம் பழுக்கிறது, வேர்முடிச்சும் தழைச்சத்தைச் சரியாகச் சேர்ப்பதில்லை. இலையிலிருந்து வரும் சர்க்கரையை மாவாக மாற்றும் நொதிகளும் தளர்ந்துபோகின்றன. விதையோ அவசரமாக முற்றுகிறது. நிரம்புவதற்கு வேண்டிய நாள் குறைந்துவிட்டால், எவ்வளவு வேகமாக நிரம்பினாலும் ஈடாகாது. அந்த நேரத்தில் தண்ணீரும் குறைந்தால் சேதம் இரட்டிப்பு. இலை நீரை ஆவியாக்கித்தானே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது? மொட்டு விடுவதிலிருந்து மணி முற்றும்வரை மண் காயவிடாதே. வைக்கோலோ சருகோ பரப்பி மண்ணுக்கு மூடாக்குப் போட முடிந்தால் போடு.

கோபத்தில் செடியை மடக்கி உழுதுவிடாதே, அம்மா. தட்டைப்பயறில் பல ரகங்கள் தொடர்ந்து பூக்கிறவை. இரவு கொஞ்சம் குளிர்ந்தால் புது மொட்டு நல்ல மகரந்தத்தோடு வரும். குளிர்ந்து ஒன்றரை வாரம் கழித்து விரியும் பூக்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்.

அடுத்த தடவை விதைக்கும் நாளைப் பின்னோக்கி எண்ணிக்கொள். உன் ரகம் எத்தனையாவது நாளில் பூக்கிறது என்று தெரியும். அதற்கு முந்தின பத்து நாள் இரவுகள் குளிர்ச்சியாக அமைகிற மாதிரி விதை. சூடு தாங்கும் ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் இதற்காகவே பல ஆண்டுகள் உழைத்து, 1999இல் ‘கலிஃபோர்னியா பிளாக்ஐ 27’ என்ற தட்டைப்பயறை வெளியிட்டார்கள். வெப்பமான இரவிலும் காய் பிடிக்கிற குணத்தை அதில் சேர்த்திருக்கிறார்கள். அதே ரகத்தைத் தேடி அலையாதே. அப்படியொரு குணம் விதையிலேயே இருக்க முடியும் என்று தெரிந்து கேட்டு வாங்கு.

இந்தச் சூட்டில் விளைந்த மணியை விதைக்கென்று அப்படியே எடுத்து வைத்துவிடாதே. பார்க்க முழுசாக இருந்தாலும் முளைப்பு வீரியம் குறைந்திருக்கலாம். நூறு மணி எண்ணி ஈரத்துணியில் சுற்றி வை. எத்தனை முளைத்தது, எத்தனை நாளில் முளைத்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா