பனி மூடிய கலங்கரை விளக்கத்தைப் படம் பிடிக்கப் போகும் நண்பர்களுக்கு

மிச்சிகன், இல்லினாய், இண்டியானா தமிழ் நண்பர்களே, வணக்கம்.

போன ஜனவரியில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் செயின்ட் ஜோசப் ஊருக்குப் போயிருந்தேன். ஏரிக்குள் நீண்டு போகும் கான்கிரீட் தளம், நாம் பியர் என்று சொல்வது, முழுக்கப் பனிக்கட்டி. நம் ஊர்க்காரர் ஒருவர் நான்கு வயது மகனைத் தோளில் வைத்துக்கொண்டு அதன்மேல் நடந்துகொண்டிருந்தார். காலில் சாதாரண ஓட்டப் பயிற்சி ஷூ. "வேண்டாங்க, திரும்பிடுங்க" என்றேன். "ஒரே ஒரு போட்டோதான் அண்ணா" என்றார். நாலாவது அடியில் இரண்டு பேரும் விழுந்தார்கள். நல்லவேளை, நடுத்தளத்திலேயே விழுந்தார்கள். பையனின் சிவப்புக் கையுறை மட்டும் கழன்று, சாவகாசமாகச் சறுக்கிக்கொண்டே போய் விளிம்பைத் தாண்டி விழுந்தது. அந்தக் கையுறை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதனால்தான் இந்த மடல்.

நாம் படம் எடுக்கும் அந்தப் பனிக்கட்டி வானத்திலிருந்து விழுந்தது அல்ல. ஏரி உறையாமல் இருக்கும்போது மேற்கிலிருந்து பெருங்காற்று அடித்தால், அலை பியரில் மோதிச் சிதறும். அந்தத் துளிகள் பட்ட இடத்திலேயே உறையும். கடல்நீர் உறைய இன்னும் இரண்டு டிகிரி குளிர் வேண்டும். ஏரியோ நல்ல தண்ணீர், பூஜ்யத்திலேயே உறைந்துவிடும். மணலை ஒட்டி வெள்ளையாகத் தெரிவதும் கரை இல்லை. தண்ணீர்மேல் மிதக்கும் பனித் திட்டு அது. உள்ளே பொந்து பொந்தாக இருக்கும், மேலே நின்று பார்த்தால் தெரியாது. காலை வைத்தால் அப்படியே உள்ளே போய்விடலாம்.

பியரின் மேலே தூண்கள்மீது ஒரு இரும்பு நடைபாலம் போகிறதே, அதை ஏன் கட்டினார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? அழகுக்காக இல்லை. 1906, 1907இல் அங்கே இரண்டு விளக்குகள் நிறுத்தினார்கள். ஏரியிலிருந்து வரும் கப்பலுக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால், ஆற்றின் வாய் நேர் எதிரே இருக்கிறது என்று அர்த்தம். புயல் அடித்தாலும் விளக்குக் காவலர் போய்த் திரியைக் கவனித்தாக வேண்டும். கீழே தளத்தில் நடந்தால் அலை வாரிக்கொண்டு போய்விடும் என்று தெரிந்துதான் அவருக்காக மேலே பாலம் போட்டார்கள். அந்த இடத்திலேயே வேலை பார்த்த மனிதர் நடக்க மாட்டேன் என்ற தளத்தில் நாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம்.

1905 நவம்பர் 28 அன்று சுப்பீரியர் ஏரியின் துலூத்தில், மட்டாஃபா என்ற சரக்குக் கப்பல் புயலில் துறைமுகத்துக்குள் திரும்பிவர முயன்றது. இதே மாதிரி ஒரு பியரில்தான் மோதியது. மோதி, கரைக்குப் பக்கத்திலேயே தரைதட்டி உடைந்தது. ஊர் ஜனம் ஆயிரக்கணக்கில் கரையில் திரண்டது. கப்பலில் இருப்பவர்களுக்குத் துணை இருக்கிறது என்று தெரியட்டுமென்று இரவு முழுக்கத் தீ மூட்டிக் காத்திருந்தார்கள். ஆனால் அலையைத் தாண்டி யாராலும் போக முடியவில்லை. விடிந்து பார்த்தால் பின்பகுதியில் இருந்த 9 பேர் இறந்திருந்தார்கள். முன்பகுதியில் இருந்த 15 பேரை மீட்டார்கள். அந்தப் புயல் விழுங்கிய கப்பல்களால்தான் அதே ஏரிக்கரையில் ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கம் கட்டப்பட்டு, 1910இல் ஏற்றப்பட்டது.

எல்லாம் பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1975 நவம்பர் 10 அன்று அதே சுப்பீரியர் ஏரியில் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் சரக்குக் கப்பலின் ரேடார் இரண்டும் வேலை செய்யவில்லை. அது தேடிப் போன வைட்ஃபிஷ் முனையின் விளக்கும் ரேடியோ சைகையும் அன்றைய புயலில் அணைந்து கிடந்தன. 29 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. இன்றைக்கும் சுப்பீரியர் ஏரியிலிருந்து கப்பல்களைக் கீழ் ஏரிகளுக்கு இறக்கிவிடும் சூ பூட்டுக் கால்வாய் (Soo Locks) ஜனவரி 15 வரை திறந்தே இருக்கிறது. நாம் வீட்டில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் நாட்களில், ஆயிரம் அடி நீளக் கப்பல்கள் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு இண்டியானாவின் கேரி பக்கம் வருகின்றன. கடலோரக் காவல் படையின் மாக்கினாவ் கப்பல் முன்னே போய்ப் பனியை உடைத்து வழி விடுகிறது.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் பியரில் ஏறாதீர்கள், பனித் திட்டில் கால் வைக்காதீர்கள். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அங்கே நின்று எடுத்த படத்தைப் போட்டு, "சூப்பர் லொக்கேஷன்" என்று அடுத்தவரையும் அனுப்பாதீர்கள். செயின்ட் ஜோசப் மக்கள் அந்த விளக்குகளைப் பழுது பார்க்கத் தங்கள் கையிலிருந்தும் பணம் போட்டார்கள். முடிந்தால் நாமும் ஏதாவது கொடுப்போம். மினசோட்டாவில் இருப்பவர்கள் நவம்பர் 10 அன்று ஸ்ப்ளிட் ராக் போகலாம். ஃபிட்ஸ்ஜெரால்டில் போனவர்களுக்காக ஆண்டுதோறும் அன்று அந்த விளக்கை ஏற்றுகிறார்கள்.

செயின்ட் ஜோசப்பில் படத்துக்கு நல்ல இடம் லேக் பிளஃப் பார்க் மேடுதான். அங்கிருந்து இரண்டு விளக்கும், நடைபாலமும், பின்னால் ஏரியும் ஒரே சட்டத்தில் அடங்கும். சூரியன் இறங்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள். பையனுக்கு இரண்டு ஜோடி கையுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்